மறுப்பவர் இல்லாத மன்றம்

மெய்யியல் கருத்தரங்கு எதற்காகக் கூட்டப்படுகிறது? கட்டுரை படிப்பதற்காக என்பது முழு விடையாகாது. கட்டுரையை அவரவர் இல்லத்திலிருந்தே எழுதி அச்சுக்கு அனுப்பிவிடலாம். விரும்பியோர் ஓய்வாகப் படித்துக்கொள்வர். தொலைவிலிருந்து பேருந்தேறி வந்து, மனிதர் நேருக்கு நேராக அமர வேண்டிய தேவை ஒரு காரணத்தால்தான் எழுகிறது. நான் உண்மையெனக் கொண்டதை, அவ்வாறு கொள்ளாத ஒருவர்முன் வைத்து, அவர் மறுப்பைக் கேட்டு, என் கருத்து அதைத் தாங்குகிறதா என்று சோதித்துப் பார்ப்பதே அக்காரணம். இச்சோதனை நிகழாத இடத்தில் கூட்டம் இருக்கலாம். மெய்யியல் இருக்க இயலாது.

அண்மையில் நம் தென்மாவட்டக் கல்லூரியொன்றில் இரண்டு நாள் நடைபெற்ற வட்டார மெய்யியல் கருத்தரங்கில் கட்டுரையாளனாகப் பங்கேற்றேன். இது அந்நிகழ்வைப் பற்றிய அறிக்கை அன்று. கல்லூரியின் பெயரும் இங்குத் தேவையில்லை. ஏனெனில் நான் கண்ட குறை அக்கல்லூரிக்கு மட்டும் உரியதன்று. நாடெங்கும் இத்தகு கருத்தரங்குகள் பெற்றுவிட்ட வடிவத்தையே இங்குத் திறனாய்வு செய்ய விழைகின்றேன்.

மணிமேகலை காட்டும் மன்றம்

தமிழருக்கு இத்தகைய அவை புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், நகர மக்களுக்குத் தெருவையும் கொடியையும் தோரணத்தையும் பற்றிச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. வாதிட வல்லோர் முறையறிந்து பட்டிமண்டபத்தில் ஏற வேண்டும் என்றும், பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலக வேண்டும் என்றும் அவன் அறிவிக்கிறான். திருவிழாவின் ஒரு பகுதியாகவே வாதம் கருதப்பட்டது என்பதும், அவ்வாதத்திற்கு ஓர் ஒழுக்கம் வகுக்கப்பட்டிருந்தது என்பதும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

அக்காப்பியத்தின் 27-ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பல சமயக் கணக்கரை ஒருவர்பின் ஒருவராக அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். இளம்பெண்ணாக வந்தால் தன்னை மதித்துச் சொல்லமாட்டார்கள் என்று ஆண் துறவியின் வடிவில் அவள் செல்ல நேர்ந்தது அக்காலத்தின் குறை. ஆயினும் அவள் கேட்கும் முறையில் குறையில்லை. கண்ணால் கண்டதையே உண்மை என்று கொள்ளும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று அவள் வினவுகிறாள். ஒரே வினா; அது கொள்கையின் வேரைத் தொட்டுவிடுகிறது.

சைவ சித்தாந்தச் சாத்திரங்களுள் ஒன்றான சிவஞான சித்தியாரை அருணந்தி சிவாசாரியார் இரு பகுதிகளாக அமைத்தார். முதற்பகுதி பரபக்கம், அடுத்ததே சுபக்கம். தம் கொள்கையை நிறுவுமுன் உலகாயதம் தொடங்கிப் பதினான்கு பிற கொள்கைகளை எடுத்துரைத்து அவற்றோடு வாதிடுகிறார். வடமொழி மரபு இதைப் பூர்வபக்கம் என்னும். எதிராளியின் கட்சியை முதலில் சொல்; அவனே கேட்டாலும் ஆம் என்று ஒப்புமாறு சொல்; பிறகு உன் விடையைக் கூறு. இதுவே அதன் நெறி.

இந்நெறிக்கு எதிர்பாராத ஒரு பயனும் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி என்னும் பௌத்த நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியும் அதன் உரையும் வழியாகவே அதன் பகுதிகள் சிலவற்றை நாம் அறிகிறோம். திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு இணையுண்டு. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கிய செல்சுஸ் என்பவரின் நூல் அழிந்துபோயிற்று; மூன்றாம் நூற்றாண்டில் அவரை மறுத்து எழுதிய ஒரிஜன், அவர் சொற்களை வரிவரியாக எடுத்துக்காட்டியதால்தான் அந்நூலின் பெரும்பகுதி இன்றும் நம் கையில் உள்ளது. நேர்மையாக மறுப்பவன் தன் எதிரியின் குரலை அழிப்பதில்லை, அதனைக் காக்கிறான்.

பாரிசு நகரின் பள்ளி

13-ஆம் நூற்றாண்டில் பாரிசு பல்கலைக்கழகத்தில் வாதம் என்பது பாடத்திட்டத்தின் உறுப்பு. ஆசிரியர் ஒரு வினாவை முன்வைப்பார். எழும் மறுப்புகளுக்கு இளநிலை ஆசிரியர் ஒருவர் விடை கூறி நிற்பார். பின்னர் மற்றொரு நாள் ஆசிரியரே எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துத் தம் முடிவை வழங்குவார். இதனினும் துணிவான வழக்கம் ஒன்றும் இருந்தது. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் நிகழ்ந்த பொது வாதங்களில், அவையிலிருந்த எவரும் எப்பொருள் பற்றியும் வினவலாம். எந்த வினா எத்திசையிலிருந்து வரும் என்று ஆசிரியருக்கு முன்கூட்டித் தெரியாது. புனித தோமையார் அக்குவினாஸ் அந்த அவையில் நின்று விடை கூறியவர்.

அவருடைய இறையியல் தொகுப்பின் ஒவ்வொரு கூறும் அவருக்கு உடன்பாடில்லாத கருத்துகளோடுதான் தொடங்குகிறது. கடவுள் இருக்கின்றாரா என்னும் வினாவுக்கு அவர் எடுத்துக்கொள்ளும் மறுப்புகள் இரண்டு. எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடமிருக்கக் கூடாது; ஆனால் உலகில் தீமை உள்ளது என்பது ஒன்று. உலக நிகழ்ச்சிகளை இயற்கையையும் மனித மனத்தையும் கொண்டே விளக்கிவிடலாம் என்றால் கடவுள் எதற்கு என்பது மற்றொன்று. ஏறத்தாழ 750 ஆண்டுகள் கழிந்த பின்னரும் இறைமறுப்பாளர் இவ்விரண்டையுமே பல வடிவங்களில் சொல்லி வருகின்றனர். எதிரியின் வாளை மழுக்கிவிட்டுப் போரிடுவதை அப்புனிதர் விரும்பவில்லை.

அவருக்குப் பின்வந்தோர் எல்லோரும் அப்படியிருந்தனர் எனச் சொல்ல இயலாது. பதின்மூன்றாம் லெயோ திருத்தந்தை 1879-இல் தோமையாரின் மெய்யியலுக்குப் புத்துயிர் ஊட்டிய பின், குருமடங்களுக்கென இலத்தீன் பாடநூல்கள் பல எழுந்தன. அவற்றை இன்றும் பழைய நூலகங்களில் காணலாம். அவற்றில் எதிர்க்கட்சியினரின் பெயர்கள் இரண்டு வரிகளில் வரிசைப்படுத்தப்படும். அடுத்த சில வரிகளில் அவர்கள் வீழ்த்தப்படுவர். காண்ட் என்னும் பேரறிஞருக்கு ஒரு பத்தி கிடைத்தால் அது பெரிது. தோமையாரின் முடிவுகளைக் காத்த அந்நூல்கள் அவருடைய முறையைக் கைவிட்டன.

இன்றைய அரங்கு

இனி இன்றைய கருத்தரங்கைப் பார்ப்போம். குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடைகள், நினைவுப்பரிசுகள். முதல் நாளின் முற்பகல் இவ்வாறே கழிகிறது. எஞ்சிய ஒன்றரை நாளில் நாற்பது கட்டுரைகள் படிக்கப்பட வேண்டும். ஆகவே ஒருவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கப்படுகிறது. எழுதி வந்ததில் பாதியைத்தான் படிக்க முடியும் என்பதால், கட்டுரையாளர் தாள்களைப் புரட்டிப் புரட்டி ஓடுகிறார். இறுதியில் அமர்வுத் தலைவர், நேரம் கருதி வினாக்களைத் தேநீர் இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். கைதட்டல்; அடுத்தவர். தம் கட்டுரையைப் படித்து முடித்தவர்களுள் பலர் மாலைக்குள் சான்றிதழ் பெற்றுக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். பேசவே வந்தவர்கள் பலர். கேட்க வந்தவர் சிலர்.

இதற்குத் தனிமனிதர்களைக் குறைகூறுவது முறையன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கெனக் கருத்தரங்கில் படிக்கும் கட்டுரைகளுக்கும் மதிப்பெண் வகுத்தன. 2018-இல் அவ்விதிகள் மாற்றியமைக்கப்பட்டன. ஆயினும் அவை வளர்த்த பழக்கம் மாறவில்லை. படித்த கட்டுரைக்கு எண் உண்டு. கேட்ட வினாவுக்கு எண் இல்லை. இந்நிலையில் இளம் ஆசிரியர் ஒருவர் கேட்பதைவிடப் படிப்பதையே நாடினால் அவரை எவ்வாறு நோவது? வேலைக்காகக் காத்திருப்பவருக்கு அச்சான்றிதழ் வாழ்வோடு தொடர்புடையது.

எனினும் இழப்பு இழப்புதான். இழப்பின் அளவைக் காட்ட அக்கருத்தரங்கில் எழுந்த ஒரு வினாவை மட்டும் இங்கு எடுத்துரைக்கிறேன்.

அச்சேறாத வினா

தீமை பற்றிய தோமையாரின் கொள்கையே என் கட்டுரையின் பொருள். தீமை தனக்கென இருப்புடைய பொருளன்று. இருக்க வேண்டிய நன்மை இல்லாமையே தீமை. பார்வையற்ற நிலை கண்ணுக்குரிய பார்வையின் இன்மையாவது போல. இதனை விளக்கி அமர்ந்தேன். பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். நெற்றியில் திருநீறு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சித்தாந்த வகுப்பு நடத்துபவர்.

"அடிகளார் அவர்களிடம் ஒரு விளக்கம் கேட்கலாமா? பார்வை இல்லாமை இன்மைதான், ஒப்புகிறேன். ஆனால் பார்வையற்றவன் இடறி விழும்போது படும் வலி இன்மையா? காய்ச்சலில் துடிக்கும் பச்சிளங்குழந்தையின் தாய் காண்பது இன்மையையா? நாங்கள் அதற்கு வினைப்பயன் என்று ஒரு விடை வைத்திருக்கிறோம். உங்கள் சமயத்தில் முற்பிறவி கிடையாது. அப்படியானால் அந்தக் குழந்தையின் கணக்கு எங்கே நேராகிறது?"

அவையில் முதன்முறையாக முழு அமைதி நிலவியது. அந்நேரத்தில் மணி ஒலித்தது. உணவு ஆறிவிடும் என்று அமர்வுத் தலைவர் நினைவூட்டினார்.

உணவு வரிசையில் நானும் அவரும் பேசினோம். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தைச் சொன்னேன். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர் கேட்கின்றனர். அவனுடையதும் அன்று, அவன் பெற்றோருடையதும் அன்று என்று இயேசு மறுத்துவிடுகிறார். துன்புறுவோனிடம் பழைய கணக்கைத் தேடாதே என்பது அதன் பொருள் என்றேன். அவர் சற்று எண்ணிவிட்டு, "ஐயா, கணக்கைத் தள்ளிவிட்டால் நீதியையும் அல்லவா தள்ள வேண்டியிருக்கும்? உலகம் ஒழுங்கில்லாதது என்று அந்தத் தாயிடம் சொல்வீர்களா?" என்றார். "கணக்கு உண்டு என்றால், உன் பிள்ளை எப்பிறவியிலோ செய்ததை அனுபவிக்கிறது என்றல்லவா அவளிடம் சொல்ல வேண்டிவரும்?" என்றேன். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

யாரும் வெல்லவில்லை, ஆனால் பொருள் தெளிவுபெற்றது. வினைக்கொள்கை உலகின் நீதியைக் காக்கிறது. துன்புறுவோர்மீது சுமை ஏற்றும் இடரும் அதில் உண்டு. நம் நம்பிக்கை துன்புறுவோரைப் பழியிலிருந்து விடுவிக்கிறது; நீதி எப்போது நிறைவேறும் என்னும் வினாவை இறுதிநாள்வரை திறந்து வைக்கிறது. சிலுவையில் தொங்கியவர் அவ்வினாவுக்குள் நம்மோடு நிற்கிறார் என்று நாம் நம்புகிறோம்; அது உறவு, துணை, மீட்பு. ஆயினும் அதனை ஒரு கணக்கின் விடைபோல நீட்டக் கூடாது. இத்தெளிவு என் கட்டுரையில் இல்லை. அது அம்முதியவரின் மறுப்பால் பிறந்தது. கருத்தரங்கின் ஆய்வுக்கோவை விரைவில் வெளிவரும். என் கட்டுரை அதில் இருக்கும். அவர் வினா இருக்காது.

இது அறிஞர்களுக்கு மட்டும் உரிய கவலையன்று. கல்லறைத் தோட்டத்தில், மருத்துவமனை வாயிலில், பங்குமக்கள் கேட்பதும் இதே வினாவைத்தான். அறிஞர் அவையில் அவ்வினாவுக்கு மூன்று நிமிடம் கிடைக்கவில்லையென்றால், அதற்கான சொற்கள் மறையுரைக்கு எங்கிருந்து வரும்?

எம்மொழியில் மறுப்பது?

அக்கருத்தரங்கின் கட்டுரைகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்திருந்தன. தமிழில் படித்த இளம் ஆய்வாளர் ஒருவர் அதற்காக அவையோரிடம் மன்னிப்புக் கேட்டுத் தொடங்கினார். தமிழ்நாட்டில், தமிழர் நடுவே! அவர் கட்டுரைக்குத்தான் மிகுதியான கைகள் உயர்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும். மொழி புரிந்தால்தான் மறுக்க முடியும்.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இதனை அறிந்திருந்தார். ஆன்மாவைப் பற்றி 'ஆத்தும நிர்ணயம்' என்னும் நூலைத் தமிழில் எழுதினார். அவர் நடை இன்று நமக்கு வடமொழி மிகுந்து தோன்றலாம். அவர் மறுப்புகள் சில கடுமையாகவும் படலாம். ஆயினும் மதுரையில் உள்ளோர் படித்து மறுக்கக்கூடிய மொழியில் அவர் தம் கருத்தை வைத்தார். அவருடைய முறைகளை ஆராய 1619-இல் கோவாவில் கூடிய மன்றத்தில் பெரும்பான்மையினர் அவருக்கு எதிராக நின்றனர். அவர் தம் காரணங்களை விரிவாக எழுதி வைத்தார்; வழக்கு உரோமைக்குச் சென்றது; 1623 ஜனவரி 31-இல் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை, பூணூல், குடுமி முதலியவற்றைச் சில கட்டுப்பாடுகளோடு அனுமதித்தார். சிறுபான்மையின் வாதம் எழுத்தில் நின்றதால் அது மறுபடி நிறுக்கப்பட்டது. அதேவேளை, குருக்களும் இறையியலாரும் கூடிய அம்மன்றத்தில், அவ்வடையாளங்களால் கீழே தள்ளப்பட்ட மக்களுக்கு இடமிருக்கவில்லை. யாருடைய மறுப்பு அவைக்குள் வரவில்லை என்பதும் திறனாய்வின் வினாவே.

இந்திய மெய்யியல் பேரவையின் முதற்கூட்டம் 1925-இல் கல்கத்தாவில் இரவீந்திரநாத தாகூரின் தலைமையில் நடைபெற்றது. சில ஆண்டுகளுக்குப்பின் வங்க அறிஞர் கிருஷ்ணசந்திர பட்டாச்சாரியா, 'கருத்துலகில் சுயராஜ்யம்' என்னும் சொற்பொழிவில், பிறர் கருத்துகளை நம் கருத்துகளோடு உரசிப் பாராமல் ஏற்பதே அடிமைத்தனம் என்ற பொருளில் எச்சரித்தார். பிறர் கருத்தை ஏற்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. உரசிப் பார் என்றார்.

அவ்வாறு உரசிப் பார்த்த நிகழ்ச்சி ஒன்று 1983-இல் புனேயில் நடந்தது. தயா கிருஷ்ணா முதலிய அறிஞர்கள், ஆங்கிலேய மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரசலின் கருத்துகளை வடமொழியில் பெயர்த்து, மரபுவழி நியாய பண்டிதர்கள்முன் வைத்தனர். அதுவரை பழம்பொருள்களைப் போலப் போற்றப்பட்டுவந்த பண்டிதர்கள் அங்கு உயிருள்ள எதிர்வாதிகளாயினர். அவ்வுரையாடல் 'சம்வாத்' என்னும் நூலாக 1991-இல் வெளிவந்தது. அதே முயற்சியின் தொடர்ச்சியாகக் காசியின் பத்ரிநாத் சுக்லா என்னும் பண்டிதர், உடலே ஆன்மா என்னும் கொள்கையை, அதனை ஏற்காத நியாய மரபின் உள்ளிருந்தே நிறுவ இயலுமா என்று முயன்று காட்டினார். தம் மரபு மறுத்த கட்சிக்காகவே அம்முதிய அறிஞர் வாதிட்டார்! பூர்வபக்கத்தின் உச்சம் இதுவே எனலாம்.

செய்யத்தக்கவை

நாற்பது கட்டுரைகளுக்கு மாற்றாக எட்டு போதும். அவை ஒரு திங்கள் முன்னரே பங்கேற்போர் கைக்குச் சேரட்டும். அரங்கில் கட்டுரையாளர் சுருக்கம் மட்டும் சொல்லட்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் அதனை ஏற்காத ஒருவர் மறுப்பாளராக முன்பே நியமிக்கப்படட்டும். எஞ்சிய நேரம் அவைக்கு உரியதாகட்டும். ஆய்வுக்கோவையில் கட்டுரையோடு மறுப்பும் விடையும் அச்சாகட்டும். தமிழில் படிப்பவர் எவரும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்று அழைப்பிதழிலேயே குறிக்கப்படட்டும். பொன்னாடைகளைக் குறைத்தாலே இவற்றுக்கெல்லாம் நேரம் கிடைத்துவிடும்.

நம் நிறுவனங்கள் இதில் முன்னிற்க வேண்டிய கடமை உண்டு. திருச்சபைச் சட்டம் குருமாணவருக்கு இரண்டு முழு ஆண்டுகளேனும் மெய்யியலைக் கட்டாயமாக்குகிறது. இரண்டாம் ஜான் பால் திருத்தந்தை 1998-இல் வெளியிட்ட 'நம்பிக்கையும் பகுத்தறிவும்' என்னும் சுற்றுமடல், கீழைநாட்டுச் சிந்தனை மரபுகளைக் குறிப்பிடுகையில் இந்தியாவுக்குத் தனியிடம் அளித்து, அதன் வளத்திலிருந்து நாம் பெற்றுக்கொள்ள வேண்டும் என வலியுறுத்துகிறது. கேளாமல் பெறுதல் எங்ஙனம்? நம் குருமடங்கள் கூட்டும் கருத்தரங்குகளில் சித்தாந்தியும் பௌத்தரும் பகுத்தறிவாளரும் வாழ்த்துரைக்கு மட்டுமன்று, மறுப்புரைக்கும் அழைக்கப்பட வேண்டும்.

பொதுநிலையினராகிய நீங்கள் இவை நமக்கு எட்டாதவை என்று ஒதுங்க வேண்டாம். இத்தகைய அவைகளின் கதவுகள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. பின்வரிசை இருக்கைகள் காலியாகவே உள்ளன. உங்கள் ஊருக்கு அருகில் மெய்யியல் கருத்தரங்கு நடந்தால் சென்று அமருங்கள். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லுங்கள். மணி ஒலித்தாலும் உங்கள் வினாவை முடித்துவிட்டு அமருங்கள்.